நோர்வேயா, நார்வேயா? நாடுகளின் பெயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் பல வருடம் ஒப்புநோக்குநராக இருந்தேன். பக்கம் அச்சுக்குப் போகும் முன் வாசித்துப் பிழை பிடிக்கிற வேலை. வெளிநாட்டுச் செய்திப் பக்கம் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும். இப்போது மொழிபெயர்ப்புப் படிக்கிற பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அங்கும் சரி, சொந்தக்காரர் வீடுகளிலும் சரி, நாடுகளின் பெயரை எப்படி எழுதுவது, எப்படிச் சொல்வது என்ற கேள்வி ஓயாமல் வருகிறது. திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நோர்வே, நார்வே: எது சரி?

இரண்டும் தமிழ். நோர்வே எங்கள் பக்கத்துத் தமிழ், நார்வே தமிழ்நாட்டுத் தமிழ். ஆங்கிலத்தில் வாயைக் குவித்துச் சொல்லும் அந்த உயிரொலியை நாங்கள் ஒகர ஓகாரமாகக் கேட்டோம், அவர்கள் ஆகாரமாகக் கேட்டார்கள். அதனால்தான் இங்கே கொங்கோ, அங்கே காங்கோ. இங்கே ஹொங்கொங், அங்கே ஹாங்காங். இங்கே பொஸ்னியா, அங்கே பாஸ்னியா. ஏதோ ஒரு பத்திரிகைக்காரர் தூக்கக் கலக்கத்தில் எழுதியது இல்லை இது. ஒரு சொல்லை அறிந்தவருக்கு அடுத்த சொல் எப்படி வரும் என்று சொல்லிவிடலாம். அவ்வளவு ஒழுங்கு இருக்கிறது.

நோர்வேக்காரர் தங்கள் நாட்டை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் இரண்டுமே தள்ளித்தான் நிற்கின்றன. அவர்கள் வாயில் அது நொர்கெ. அவர்களுக்கு எழுத்து வழக்கு இரண்டு, இன்னொன்றில் நொரெக்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒஸ்லோவில் பிறந்த என் மருமகள் முறைப் பிள்ளை ஒருத்தி கோவில் திருவிழாவுக்கு வந்திருந்தாள். பத்து வயது. விறாந்தையில் இருந்து அம்மம்மாவுடன் கதைத்துக்கொண்டிருந்தாள். "அம்மம்மா, அது நோர்வே இல்லை, நொர்கெ" என்றாள். அம்மம்மா முருங்கையிலை உருவுவதை நிறுத்தவில்லை. "உங்களுக்கு நொர்கெ, எங்களுக்கு நோர்வே. சரி, நீங்கள் என்ர ஊரை உங்கட பள்ளிக்கூடத்தில என்னெண்டு சொல்லுவியள்?" பிள்ளை யோசித்துவிட்டு "யாஃப்னா" என்றாள். இந்த யாஃப்னாவுக்குப் பிறகு வருகிறேன். அதில் ஒரு விசயம் இருக்கிறது.

ரொறன்ரோ என்று எழுதுவது பிழையா? கணினியில் டொராண்டோ என்றுதானே வருகிறது?

பிழை இல்லை. இந்தக் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் சூடு ஏறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். "பட்டு" என்று சொல்லுங்கள். நாக்கின் நுனி மடிந்து மேலண்ணத்தில் படுகிறது. இப்போது "பற்று" என்று சொல்லுங்கள். நுனி மடியாமல், மேல் பல்லுக்குச் சற்றுப் பின்னால் முரசில் ஒட்டுகிறது. ஆங்கிலேயர் ரொறன்ரோவின் முதல் ஒலியைச் சொல்லும்போது நாக்கு எங்கே படுகிறது? பற்று இடத்தில். எங்கள் முன்னோர் காதால் கேட்டு, நாக்கால் அளந்து, அந்த ஒலிக்கு றகர வரிசையைத் தேர்ந்தார்கள். ஆகவே ரிக்கற், இன்ரநெற், ரொறன்ரோ. பேச்சில் நாங்கள் சொல்கிற "என்ர" என்ற சொல்லில் னகரத்துக்குப் பிறகு வருகிற ஒலியைக் கவனியுங்கள். அதே இடம்தான். சொல்லின் முதலில் றகரம் வராது என்பதால் அங்கே ரகரத்தைப் போட்டார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் "ரொ" என்பதை ரொட்டியின் ரொவாக வாசித்துவிடுவார் என்பது உண்மை. அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டகரம் போடுகிற முறையிலும் குறை உண்டு. அதில் ஆங்கிலத்தின் இரண்டு வேறு ஒலிகள் ஒரே எழுத்தில் விழுகின்றன.

கைபேசியில் ஆஸ்திரேலியா, பாடப்புத்தகத்தில் அவுஸ்திரேலியா என்று பார்க்கிற பிள்ளை, புத்தகம்தான் பிழை என்று நினைக்கிறது. எத்தனையோ கட்டுரைகளில் பிள்ளைகள் அவுஸ்திரேலியாவை வெட்டிவிட்டு ஆஸ்திரேலியா என்று தாங்களே திருத்தியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டு வடிவத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. எங்கள் வடிவம் வேறு என்பதற்காகப் பிழை ஆகாது என்பதை மட்டும் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த நாட்டுக்காரர் சொல்கிறபடியே நாமும் சொல்ல வேண்டாமா? ஜேர்மனியை ஏன் டொய்ச்லாண்ட் என்பதில்லை?

எந்த மொழியும் அப்படிச் செய்வதில்லை. ஜேர்மனியைப் பிரெஞ்சுக்காரர் அல்மாஞ் என்கிறார்கள், பின்லாந்துக்காரர் சக்ஸா என்கிறார்கள், போலந்துக்காரர் நியெம்ட்ஸி என்கிறார்கள். அல்மாஞ் அலமன்னி என்ற குலத்தின் பெயர், சக்ஸா சக்சன் குலத்தின் பெயர். யார் யாரை முதலில் சந்தித்தார்களோ அந்தக் கூட்டத்தின் பெயரே முழு நாட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. பின்லாந்துக்காரரோ தங்கள் நாட்டைச் சுஓமி என்கிறார்கள். நமக்கு அது பின்லாந்துதான்.

எங்கள் ஊரிலும் இதே கதைதான். யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து 1658இல் பிடித்தவர்களை நாங்கள் ஒல்லாந்தர் என்கிறோம். நாட்டின் பெயர் நெதர்லாந்து. ஹொலண்ட் அதன் ஒரு பகுதி மட்டும். 2020இலிருந்து அந்த அரசே தன் விளம்பரங்களில் ஹொலண்ட் என்ற பெயரை விட்டுவிட்டது. ஆனால் ஒல்லாந்தர் காலம் என்று சொல்லும்போது எங்களுக்குக் கோட்டை மதிலும் தோம்பு என்ற காணிப் பதிவேடும் தேசவழமைச் சட்டமும் மனதில் வரும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு நெதர்லாந்தர் காலம் என்று எழுதச் சொன்னால் என் கை போகாது. இன்றைய நாட்டுக்கு நெதர்லாந்து, அன்றைய ஆட்சிக்கு ஒல்லாந்தர். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

சங்க காலத்தில் கிரேக்க நாட்டார் யவனர். அயோனியா என்ற பகுதியின் பெயர் பாரசீகம், வடமொழி வழியாக உருண்டு வந்து அப்படி ஆனது. யாவா எங்களுக்குச் சாவகம். சாவகச்சேரிப் பெயரில் அந்தச் சாவகம் இருக்கிறது என்றும், 13ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து படையெடுத்த மன்னன் சந்திரபானுவோடு வந்த சாவகர் இருந்த இடம் அது என்றும் வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். தினமும் பஸ்ஸில் அந்தப் பெயரைக் கூவுகிற நடத்துநர் ஒரு தூரதேசத்தின் பெயரைக் கூவுகிறார். பிறகு, வேலிக்கு நடுகிற சீமைக்கிளுவை. எல்லை என்று பொருள்பட்ட சீமை, வெள்ளைக்காரன் நாட்டுக்குப் பெயராகி, கடல் தாண்டி வந்த எந்த மரத்துக்கும் அடைமொழியானது.

ஆகவே நம் வாயில் வேறு மாதிரி ஒலிப்பது அவமரியாதை இல்லை. அது பழக்கத்தின் தடயம். ஐக்கிய நாடுகள் சபை 1967இல் ஜெனீவாவில் இடப்பெயர்களை ஒழுங்குபடுத்த முதல் மாநாடு கூட்டியது. வேற்றுமொழிப் பெயர்களைக் குறைத்துக்கொள்ளும்படி அந்த மாநாட்டு வரிசை கேட்டுக்கொண்டு வருகிறது. வரைபடத்துக்கும் விமானப் பயணத்துக்கும் அது நல்லது. அம்மம்மாவின் விறாந்தைக்கு அது சட்டம் இல்லை.

துருக்கி பெயரை மாற்றியதாமே? நாங்களும் மாற்ற வேண்டுமா?

துருக்கி அரசு 2022இல் ஐ.நா.விடம் கேட்டது ஆங்கிலத்தில் எழுதும் முறையை. துர்க்கியே என்ற தங்கள் உச்சரிப்புக்கு ஏற்ற எழுத்துக்களைப் பாவிக்கச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் அந்த நாட்டின் பழைய பெயரும் வான்கோழியின் பெயரும் ஒன்று என்பது அவர்களுக்கு நீண்ட நாள் மனவருத்தம். தமிழில் பறவை வான்கோழி, நாடு துருக்கி. குழப்பமே இல்லை. அத்தோடு துருக்கி என்பது துர்க்கியேக்கு ஆங்கிலப் பெயரைவிடப் பக்கத்தில் இருக்கிறது. மாற்ற வேண்டியதில்லை.

கோரிக்கை எந்த மொழிக்கு வைக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஜோர்ஜியா ஜப்பானிடம் கேட்டது: உங்கள் மொழியில் எங்களைக் குருஜியா என்கிறீர்கள், அது ரஷ்ய வழி வந்த பெயர், விட்டுவிடுங்கள் என்று. 2015இல் ஜப்பான் மாற்றிக்கொண்டது. சியோல் நகரம் 2005இல் சீன மொழிக்கு ஒரு புதிய பெயரை அறிவித்தது, ஏனென்றால் சீனர் அந்நகரை ஹான் நகர் என்று பொருள்படும் பழைய பெயரால் அழைத்துவந்தார்கள். நேரே உங்கள் மொழியைக் குறிப்பிட்டுக் கேட்டால், காரணமும் இருந்தால், கேட்பதுதான் மரியாதை.

சுவாசிலாந்து 2018 ஏப்ரலில் எசுவாத்தினி ஆனது. சுதந்திரத்தின் 50ஆம் ஆண்டு விழாவில் மன்னர் அறிவித்தார். வெளிநாடு போனால் எங்களைச் சுவிற்சர்லாந்து என்று நினைக்கிறார்கள் என்றும் சொன்னார். பெயரின் பொருள் மாறவில்லை, சுவாசி மக்களின் நாடு என்பதுதான். பாதி ஆங்கிலமாக இருந்ததை முழுதாகத் தங்கள் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். இதை நான் உடனே மாற்றிக்கொண்டேன்.

பர்மாவா, மியன்மாரா?

இது ஒலிப் பிரச்சினை இல்லை, அதிகாரப் பிரச்சினை. 1988 எழுச்சியை நசுக்கிய இராணுவ ஆட்சி அடுத்த வருடம், 1989இல், ஆங்கிலப் பெயரை மாற்றியது. ரங்கூன் யங்கோன் ஆனதும் அப்போதுதான். எல்லா இனத்தவரையும் உள்ளடக்கிய பெயர் என்று காரணம் சொன்னார்கள். ஆனால் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை: ஒன்று எழுத்து வழக்கு, மற்றது பேச்சு வழக்கு. மக்களைக் கேளாமல் நாட்டின் பெயரை மாற்ற உங்களுக்கு யார் உரிமை தந்தது என்று ஜனநாயகத்துக்காகப் போராடியவர்கள் கேட்டார்கள். அதனால் பர்மா என்று சொல்வது பல காலம் ஓர் அரசியல் நிலைப்பாடாகவே இருந்தது. அமெரிக்க அரசு தன் ஆவணங்களில் பர்மா என்பதை விடவில்லை.

இன்றைய செய்தியில் நான் மியன்மார் என்றுதான் எழுதுவேன். ஐ.நா.வில் உள்ள பெயர் அது, உலகப் பேச்சில் படிந்தும் விட்டது. பழைய வணிகத்தையும் போரையும் பற்றி எழுதினால் பர்மா. ஒரு விசயம் சொல்ல வேண்டும்: அந்தக் கடைசி ரகரம் அந்த நாட்டு மொழியில் இல்லை. பிரித்தானிய ஆங்கிலத்தில் ஆகாரத்தை நீட்டிக் காட்ட எழுதிய, வாய் சொல்லாத எழுத்து அது. உண்மையில் மியன்மா. நாங்கள் காதால் கேட்காமல் கண்ணால் படித்து எடுத்ததால் ரகரமும் கூடவே வந்துவிட்டது. ரொறன்ரோவைக் காதால் கேட்டு எழுதிய அதே சமூகம் இங்கே எழுத்துக்கூட்டிவிட்டது.

எங்கள் நாட்டுக்கு என்ன பெயர்? இலங்கையா, ஸ்ரீலங்காவா, சிலோனா?

தமிழில் இலங்கை. முன்பும் இலங்கை, இன்றும் இலங்கை.

1972 மே 22ஆம் தேதி சிலோன் ஸ்ரீலங்கா ஆனது என்று பாடத்தில் படிக்கிறோம். ஆங்கிலத்தில்தான் அது நடந்தது. இலங்கை வங்கியின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பேங்க் ஒவ் சிலோன், சிங்களத்தில் லங்கா, தமிழில் இலங்கை வங்கி. ஒரே பலகையில் மூன்று காலம் நிற்கிறது. மத்திய வங்கி 1985இல் ஆங்கிலத்தில் சிலோனைக் கைவிட்டது. தமிழில் அது முதல் நாளிலிருந்தே இலங்கை மத்திய வங்கிதான். 2011இல் அரச நிறுவனங்களிலிருந்து சிலோன் என்ற சொல்லை அகற்றச் சொன்னபோதும் தமிழ்ப் பலகையில் திருத்த எதுவும் இருக்கவில்லை. இணைய முகவரிகளுக்கும் தமிழில் .இலங்கை என்று ஒரு முடிவு இருக்கிறது, சிங்களத்தில் .லங்கா.

இகரம் ஏன் என்று கேட்பவர்களுக்கு: பழைய இலக்கணப்படி லகரமும் ரகரமும் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. அதே காரணத்தால்தான் இலண்டன், உரோமாபுரி, உருசியா. ஈழம் என்ற பெயரும் பழையது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் ஈழத்து உணவு வந்து இறங்குகிறது. சங்கப் புலவர் ஒருவரின் பெயரே ஈழத்துப் பூதந்தேவனார்.

ஸ்ரீலங்காவில் என்ன பிரச்சினை என்று தெற்கிலிருந்து வந்த ஒரு நண்பர் உண்மையான அக்கறையோடு ஒருமுறை கேட்டார். அந்த ஸ்ரீ எழுத்து எங்கள் பெரியவர்களுக்கு வெறும் மங்கல அடைமொழி இல்லை என்று அவருக்குச் சொன்னேன். 1950களின் பிற்பகுதியில் வாகன இலக்கத்தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்துப் போராட, வடக்கில் அந்த எழுத்து இருந்த இடத்தில் தமிழ் எழுத்தைப் போட்டுக்கொண்டு வாகனங்கள் ஓடின. 1958 கலவரத்துக்கு முந்தைய கசப்புகளில் இதுவும் ஒன்று. அந்த நினைவு உள்ள வாய்க்கு ஸ்ரீலங்கா என்ற சொல் இலேசாக வராது. இன்றும் இங்கே சிலர் நாட்டை இலங்கை என்றும், அரசைக் கண்டித்துப் பேசும்போது மட்டும் சிறீலங்கா என்றும் சொல்வதைக் கவனித்திருக்கலாம். ஒரு சொல் நிலத்துக்கு, ஒரு சொல் அதிகாரத்துக்கு.

பல மொழி பேசுகிற நாடு பெயர்ச் சிக்கலை வேறு விதமாகவும் தீர்க்கலாம். சுவிற்சர்லாந்தில் நான்கு மொழிகள். தபால்தலையில் எந்த மொழிப் பெயரை முதலில் போடுவது? எதையும் போடவில்லை. ஹெல்வெஷியா என்ற லத்தீன் பெயரைப் போட்டார்கள். நாணயத்திலும் அப்படியே. அந்த நாட்டில் எங்கள் ஆட்கள் இத்தனை பேர் வாழ்கிறார்கள். தபால்தலை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லி வகுப்புக்குக் கொண்டுபோவேன்.

பெயர்களை மொழிபெயர்க்கலாமா?

திசையையும் ஆட்சி முறையையும் மொழிபெயர்க்கலாம்: தென்னாபிரிக்கா, வட கொரியா, ஐக்கிய இராச்சியம், மத்திய ஆபிரிக்கக் குடியரசு. பெயராக நிற்கும் சொல்லை விட்டுவிடுங்கள். ஐவரி கோஸ்ட்டைத் தந்தக்கரை என்று எழுதியது ஒருமுறை என் மேசைக்கு வந்தது. அழகான சொல்தான், ஆனால் வாசகர் எந்த நாடு என்று தேடி அலைவார். அந்த நாடே 1980களின் நடுவிலிருந்து, எந்த மொழியிலும் மொழிபெயர்க்காமல் பிரெஞ்சுப் பெயரையே, கோட் டிவுவார் என்று, சொல்லும்படி கேட்டு வருகிறது. திமோர் லெஸ்டேயை மொழிபெயர்க்கப் போனால் இன்னும் சிக்கல். திமோர் என்பது கிழக்கு என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது, லெஸ்டே போர்த்துக்கீச மொழியில் கிழக்கு.

லண்டன் என்றால் இங்கிலாந்து முழுவதுமா?

எங்கள் பேச்சில் ஆம். பேர்மிங்காமில் இருப்பவரும் லண்டன்காரர்தான். எழுத்தில் வேண்டாம். ஸ்கொட்லாந்தில் நடந்ததை இங்கிலாந்தில் நடந்தது என்று எழுதினால் அங்குள்ளவர்களுக்கு வலிக்கும். பிரித்தானியா அல்லது ஐக்கிய இராச்சியம் என்று எழுதுங்கள்.

ஒரு நாடு தன் பெயரை வைக்க இன்னொரு நாடு தடுக்க முடியுமா?

முடிந்திருக்கிறது. மசிடோனியா என்பது தங்கள் மாகாணத்தின் பெயர் என்று கிரேக்கம் எதிர்த்ததால், அந்த நாடு 1993இல் ஐ.நா.வுக்குள் "முன்னாள் யுகோஸ்லாவிய மசிடோனியக் குடியரசு" என்ற பெயரில் போனது. செய்தித் தலைப்பில் அதை அடைக்க முடியாமல் பட்ட பாடு எனக்குத் தெரியும். 2018 ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில் உடன்பாடு. 2019 பெப்ரவரியிலிருந்து வட மசிடோனியா. தாய்வான் வீரர்கள் ஒலிம்பிக்கில் சீனத் தாய்பே என்ற பெயரோடு நடந்து வருகிறார்கள், தங்கள் கொடியில்லாமல். விளையாட்டுச் செய்தியில் போட்டிப் பட்டியலில் உள்ள பெயரைத்தான் போட வேண்டியிருக்கிறது. ஆனால் செய்தியின் முதல் பந்தியில் தாய்வான் என்று ஒரு தரமாவது எழுதிவிடுவேன். அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும்.

வெளிநாட்டார் யாழ்ப்பாணத்தைத் தப்பாகச் சொல்வதைத் திருத்த வேண்டாமா?

இப்போது யாஃப்னாவுக்கு வருகிறேன். ஆங்கிலேயர் ஜகரமாக வாசிக்கிற அந்த முதல் எழுத்தை ஒல்லாந்தர் யகரமாகத்தான் வாசிப்பார்கள். நோர்வேக்காரரும் அப்படியே. ஒல்லாந்தர் ஏட்டில் உள்ள ஊர்ப்பெயரை அவர்கள் வாயால் வாசித்தால் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் பக்கத்தில் வருகிறது. எழுத்து அப்படியே இருக்க, வாசிக்கிற ஆள் மாறியதால் ஜாஃப்னா பிறந்தது. ஒஸ்லோப் பிள்ளை தன் பள்ளிக்கூட உச்சரிப்பில் சொன்னது ஆங்கிலம் படித்த எங்களைவிட ஊருக்குக் கிட்ட இருந்தது.

ழகரம் வராதவரிடம் நான் கோபப்படுவதில்லை. சிங்களத்தில் யாப்பனய என்கிறார்கள், அதுவும் அவர்கள் நாக்குக்கு வந்த எங்கள் ஊர்தான். எனக்கு உறுத்துவது வேறு. ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப்பெயர்களை வைத்தார்கள்: காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம், வேலணைக்கு லைடன், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற். மற்றவை உதிர்ந்துவிட்டன. டெல்ஃப்ற் மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் நெடுந்தீவின் பெயராக இருக்கிறது. வாய்க்கு வராமல் திரிவது ஒன்று, இருந்த பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைப்பது வேறு ஒன்று. முதலாவதைப் பொறுப்பேன். இரண்டாவதை, எத்தனை நூற்றாண்டு கழிந்தாலும், ஆங்கிலத்தில் எழுதும்போதும் நெடுந்தீவு என்றே எழுதித் திருத்துவேன்.

என் கட்டுரையில் எந்த வடிவத்தைப் பாவிப்பது?

ஈழத்து வாசகருக்கு எழுதினால் ஈழத்து வடிவம்: ஜேர்மனி, நோர்வே, அவுஸ்திரேலியா, கட்டார், தென்னாபிரிக்கா. தமிழ்நாட்டு இதழுக்கு அனுப்பினால், அவர்கள் மாற்றுவார்கள் என்று தெரிந்தே உங்கள் வடிவத்தில் அனுப்புங்கள். மேற்கோளுக்குள் உள்ளதை மட்டும் மாற்ற வேண்டாம் என்று கேளுங்கள். ஒரே கட்டுரையில் இரண்டு வடிவம் வேண்டாம். பழைய காலத்தைப் பற்றி எழுதினால் அந்தக் காலத்துப் பெயர்: 1963 செப்டெம்பரில் மலேசியா உருவாகும் முன் மலாயாவில் புகையிரதத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கிய பெரியவர் மலாயாப் பென்சன்காரர்தான், மலேசியாப் பென்சன்காரர் ஆகமாட்டார். விண்ணப்பப் படிவம், சான்றிதழ் என்றால் இந்தப் பேச்சு ஒன்றும் வேண்டாம், கடவுச்சீட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள்.